நடை மிச்சமானது, கை மரத்துப்போகிறது: ஒரு கிடங்குப் பணியாளரின் கடிதத்துக்குப் பதில்

கிடங்கு ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்யும் 39 வயதுச் சகோதரி ஒருவர் எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், நிறுவனம் எதையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

முதல் எட்டு ஆண்டுகள் அவர் ஸ்கேனரும் தள்ளுவண்டியுமாக ரேக்குகளுக்கு இடையே நடந்து, ஆர்டருக்கு வேண்டிய பொருள்களை எடுத்து வந்தார். சென்ற ஆண்டு நிறுவனம் தரையோடு ஊர்ந்து செல்லும் ரோபோக்களைக் கொண்டுவந்தது. அவை அலமாரியின் அடியில் நுழைந்து, அலமாரியையே தூக்கிக்கொண்டு அவர் நிற்கும் இடத்துக்கு வந்துவிடுகின்றன. எந்தத் தட்டில் எந்தப் பொருள் என்று திரை காட்டுகிறது. எடுக்க வேண்டும், ஸ்கேன் செய்ய வேண்டும், பெட்டியில் போட வேண்டும். அலமாரி போகும், அடுத்தது வந்து நிற்கும். முன்பு மணிக்குச் சுமார் 80 பொருள்கள். இப்போது இலக்கு 300.

"இனி நடக்கவே வேண்டாம், வேலை பாதியாகக் குறையும் என்றார்கள். எல்லோரையும் போல நானும் சந்தோஷப்பட்டேன். ஆறாவது மாதம் வலது தோள் பிடித்துக்கொண்டது. இப்போது நடு இரவில் கை மரத்துப்போய் விழிப்பு வருகிறது. உதறினால்தான் சரியாகிறது" என்று எழுதுகிறார். தினமும் ஷிப்டுக்கு முன் ஒரு வலி மாத்திரை. இடுப்புக்கு ஒரு பெல்ட். கழிப்பறைக்குப் போனால் திரையில் தன் வேகம் சிவப்பாக மாறுகிறது என்பதால், வேலை முடியும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. அலமாரியிலிருந்து தவறி விழும் பொருளை எடுக்க, பக்கத்து இடத்தில் வேலை செய்யும் இளைஞர் வேலியைத் தாண்டி ரோபோக்கள் ஓடும் தளத்துக்குள் இறங்கிவிடுகிறார். அது ஆபத்தா என்றும் கேட்கிறார்.

இவற்றுக்கு நடுவே ரோபோ பராமரிப்புப் பயிற்சிக்குச் சிலரை எடுக்கப்போவதாக நிறுவனம் அறிவித்திருக்கிறது. மாத இறுதிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். "பள்ளிப் படிப்போடு நின்றவள் நான். எனக்கு அது வருமா? எப்படியும் இரண்டு வருடத்தில் ரோபோ என் இடத்தைப் பிடித்துவிடும் என்கிறார்கள். இப்போதே வேறு வேலை தேடிக்கொள்வதுதான் புத்திசாலித்தனமா?" என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில், "சின்ன வயதுப் பெண்களுக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லை, என் உடம்புக்குத்தான் தெம்பு போதவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பக்கம் தள்ளி, உங்கள் வரிசையில் மூன்று பேர் மணிக்கட்டில் பட்டை சுற்றிக்கொண்டு வேலைக்கு வருவதாக நீங்களே எழுதுகிறீர்கள். இந்த இரண்டு வரிகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒரே இடத்தில், ஒரே வேலையில் இருக்கும் நான்கு பேருக்குக் கையில் வலி வந்தால், வேலையைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். வயதையும் தெம்பையும் பிறகு பார்க்கலாம்.

நடைதான் உங்கள் ஓய்வாக இருந்தது

தொழில்சார் நோய்களைப் பார்க்கும் மருத்துவன் என்ற முறையில், உங்களுடையதைப் போன்ற கிடங்கு ஒன்றுக்கு நான் சென்றிருக்கிறேன். பொருள் எடுக்கும் ஒரு பெண்மணியின் அருகே கடிகாரத்தோடு நின்றேன். அலமாரி வந்து நின்றதும் அவருடைய வலது கை உயர்ந்தது, வளைந்தது, இறங்கியது. அலமாரி நகர்ந்து அடுத்தது வருவதற்கு நான்கு விநாடிகள். அந்த நான்கு விநாடிகளில் அவர் கையைத் தொங்கவிட்டு, விரல்களை இரண்டு முறை உதறிக்கொண்டார். ஒவ்வொரு முறையும் உதறினார். ஏன் என்று கேட்டேன். தான் அப்படிச் செய்வதே அவருக்குத் தெரியவில்லை.

நீங்கள் மணிக்கு 80 பொருள் எடுத்தபோது ஒரு பொருளுக்கு 45 விநாடி கிடைத்தது. அதில் பெரும்பகுதி நடை. அப்போது கால் உழைத்தது. தோளும் மணிக்கட்டும் தொங்கிக்கொண்டு ரத்தம் ஓடிச் சோர்வு நீங்கியது. மணிக்கு 300 என்றால் ஒரு பொருளுக்கு 12 விநாடிதான். ஏழு மணி நேர வேலைக்குக் கணக்கிட்டால், 560 முறை நீண்ட கை இப்போது 2,100 முறை நீள்கிறது. உங்கள் கால்கள் பெற்ற ஓய்வுக்கான விலையைக் கைகள் கொடுக்கின்றன. அந்த நடையை வீணான நேரம் என்று கணக்கிட்டுத்தான் இந்த அமைப்பையே வடிவமைத்தார்கள். ஆர்டர் அனுப்பும் கணக்கில் அது வீண் நேரமாக இருக்கலாம். தோளின் கணக்கில் அது ஓய்வு நேரம்.

இது என் ஊகம் மட்டும் அல்ல. அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 1991-ஆம் ஆண்டு திருத்தியமைத்த தூக்குதல் சூத்திரம் ஒன்றை வைத்திருக்கிறது. எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தால், இரு கைகளால் தூக்குவதற்கு அது பரிந்துரைக்கும் உச்ச எடை 23 கிலோ. அதிலிருந்து ஒவ்வொரு பாதகத்துக்கும் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். நாள் முழுவதும் நிமிடத்துக்கு ஒரு முறை தூக்கினால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த 23 கிலோ 17 கிலோவாகிவிடும். நிமிடத்துக்கு ஐந்து முறை என்றால் 8 கிலோ. அதே பொருளை உடம்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளிக் கையை நீட்டி எடுத்தால் அதிலும் பாதி, அதாவது 4 கிலோ. நீங்கள் எடுக்கும் பொருள்கள் பெரும்பாலும் இதைவிட இலேசானவையாக இருக்கலாம். ஒரு கையால் எடுக்கும் சிறு பொருள்களுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தவும் பொருந்தாது. எடை மாறாமல் வேகம் மட்டும் கூடினாலே உடம்பின் தாங்குதிறன் எவ்வளவு சுருங்குகிறது என்பதைக் காட்டவே இதைச் சொல்கிறேன்.

ரோபோக்களால் நன்மையே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். ரோபோ வைத்த கிடங்குகளையும் வைக்காதவற்றையும் ஒப்பிட்டு அண்மையில் வெளியான ஓர் ஆய்வில், பெருங்காயங்கள் குறைந்ததும் சிறு காயங்கள் கூடியதும் தெரியவந்தது. விழுவது, வண்டியில் மோதுவது போன்றவை குறைகின்றன. உங்களுக்கு வந்திருப்பது போன்ற, ஒரே அசைவால் மெல்ல மெல்லச் சேரும் வலி கூடுகிறது. அதைச் 'சிறு காயம்' என்று எழுதுவது பதிவேட்டு வழக்கம். இரவில் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அது சிறியதாக இருக்காது.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

மரத்துப்போவது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றில் என்றும், சுண்டுவிரலில் இல்லை என்றும் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். இரவில் வருவது, உதறினால் நீங்குவது ஆகிய இரண்டையும் சேர்த்தால், மணிக்கட்டின் குறுகிய பாதை வழியாகச் செல்லும் நரம்பு நசுங்குவதாகவே தோன்றுகிறது. மருத்துவத்தில் இதைக் கார்ப்பல் டனல் நோய் என்கிறோம். கடிதத்தைப் படித்து நோயை உறுதிசெய்ய முடியாது. நேரில் ஒரு மருத்துவர் கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் நரம்பில் மின்தூண்டல் எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்று அளக்கும் சோதனையும் செய்யலாம். நீரிழிவும் தைராய்டு குறைபாடும்கூட இதே தொல்லையைத் தரும் என்பதால் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் கவனித்தால் இது பெரும்பாலும் எளிதாகக் கட்டுப்படும். மணிக்கட்டு மடங்காமல் நேராக வைக்கும் பட்டியை இரவில் சில வாரங்கள் அணிவது முதல் படி. அதற்கு அடங்காவிட்டால் ஊசி, அதற்கும் அடங்காவிட்டால் சிறிய அறுவை சிகிச்சை. பொருள்கள் கை நழுவி விழத் தொடங்கினாலோ, கட்டைவிரலுக்கு அடியில் உள்ள சதைமேடு தட்டையாகத் தெரிந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். தசை ஒருமுறை வற்றிவிட்டால் முழுதும் திரும்புவது கடினம்.

தோளுக்குப் பிசியோதெரபி உதவும். ஆனால் மாலையில் பயிற்சி செய்துவிட்டு, மறுநாள் 2,100 முறை அதே தோளை உயர்த்தினால் பயிற்சி தோற்றுப்போகும். வேலையும் சேர்ந்து மாற வேண்டும்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது வலி மாத்திரையும் தண்ணீரும்தான். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அந்தப் பாதிப்பு கூடும். நீங்களோ தினமும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்கள். தனித்தனியாகவே தவிர்க்க வேண்டிய இரண்டை ஒன்றாகச் செய்கிறீர்கள். சிறுநீரை அடக்குவதால் தொற்று வரும் வாய்ப்பும் இருக்கிறது. இந்த மாத்திரையை இப்படித் தொடராதீர்கள். மருத்துவரைப் பார்க்கும்போது எத்தனை மாதமாக எடுக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லி, சிறுநீரகச் செயல்பாட்டுச் சோதனையும் கேளுங்கள்.

இடுப்பு பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது காயத்தைத் தடுக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 160 கடைகளின் பணியாளர்களைப் பின்தொடர்ந்து நியோஷ் செய்த ஆய்வு 2000-ஆம் ஆண்டு வெளியானது. பெல்ட் அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் முதுகுவலியில் வேறுபாடு இல்லை என்றே அது காட்டியது. தவிர, உங்களுக்கு வலிப்பது தோளும் கையும்.

300 என்ற எண்ணை யார் வைத்தார்கள்?

"இலக்கை கம்ப்யூட்டர்தான் வைக்கிறது, சூப்பர்வைசரால் ஒன்றும் செய்ய முடியாதாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நம்பாதீர்கள். ரோபோக்களை இயக்கும் மென்பொருளுக்கு உங்கள் தோளைப் பற்றியும் தெரியாது, 300-ஐப் பற்றியும் தானாகத் தெரியாது. எந்த நிலையத்துக்கு, அதாவது பொருள் எடுப்பவர் நிற்கும் இடத்துக்கு, எத்தனை அலமாரி வரிசையில் நிற்க வேண்டும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி, எந்தப் பொருள் எந்த உயரத் தட்டில் என்பவை யாவும் மனிதர்கள் முடிவுசெய்து உள்ளே கொடுத்த அளவுகள். கொடுத்தவர்களால் மாற்றவும் முடியும். பழைய கன்வேயரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருந்ததுபோலத்தான் இதுவும். திருகு இருக்கும் இடம் மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆகவே "வேகத்தைக் குறையுங்கள்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, செய்யக்கூடிய மாற்றங்களாகக் கேளுங்கள். அடிக்கடி போகும் பொருள்களையும் கனமானவற்றையும் முழங்காலுக்கு மேல், தோளுக்குக் கீழ் உள்ள தட்டுகளில் வைக்கச் சொல்லலாம். உச்சித் தட்டுக்கு எட்டி எட்டி எடுப்பதுதான் தோளை அதிகம் சேதப்படுத்துகிறது. மணிக்கு ஒருமுறை சில நிமிடங்கள் அலமாரி வராமல் நிறுத்திவைக்கக் கேட்கலாம். மதியம் ஒரே நீண்ட இடைவேளையைவிட, அடிக்கடி வரும் சிறு இடைவேளைகளே தசைக்கு அதிகம் உதவும்.

வேலை மாற்றிக் கொடுப்பதாக நிறுவனம் முன்வந்தால் கொஞ்சம் கவனமாக இருங்கள். பொருள் எடுக்கும் இடத்திலிருந்து பொருள் அடுக்கும் இடத்துக்கு மாற்றுவதைச் சுழற்சி முறை என்று பல இடங்களில் பெருமையாகச் சொல்கிறார்கள். பெயர்தான் வேறு, உழைப்பது அதே தோள், அதே மணிக்கட்டு. நடந்து சரிபார்க்கும் வேலை, பதிவு வேலை போன்றவற்றுக்கு மாறினால்தான் கைக்கு ஓய்வு.

வலியைச் சொன்னால் வேலை போய்விடுமா?

போகவே போகாது என்று நான் உறுதி கூறினால் அது பொய்யாகிவிடும். வலியைச் சொன்னவர்களை மெல்ல ஒதுக்கிய இடங்களும் உண்டு, உடனே நிலையத்தைத் திருத்திய இடங்களும் உண்டு. சொல்லாமல் இருப்பதில் உள்ள ஆபத்தையும் சேர்த்து எடைபோடுங்கள். நாளை கை முடங்கிப்போனால், அது வேலையால் வந்தது என்று காட்ட உங்களிடம் ஒரு தாள்கூட இருக்காது. இழப்பீடு கேட்பதற்கு அதுவே பெரிய தடையாகிவிடும். பல நாடுகளில் இழப்பீடு கோரக் காலக்கெடுவும் உண்டு.

எனவே சொல்லுங்கள், தனியாக, வாய்மொழியாக மட்டும் சொல்லாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, ஷிப்டு, எத்தனை பொருள், வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, இரவில் எத்தனை முறை விழித்தீர்கள், இவ்வளவு போதும். மணிக்கட்டில் பட்டை சுற்றும் அந்த மூன்று பேரையும் எழுதச் சொல்லுங்கள். நான்கு பேரின் குறிப்புகளோடு ஒரே கடிதமாகப் பாதுகாப்புக் குழுவிடமோ தொழிற்சங்கத்திடமோ, இரண்டும் இல்லாவிட்டால் மேலாளரிடமோ கொடுங்கள். பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்கிய நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

மருத்துவச் சான்றிதழிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 'ஓய்வு தேவை' என்று மட்டும் எழுதி வாங்கினால் அது உங்களை வீட்டில் உட்காரவைத்துவிடும். குணமாகித் திரும்பும்போது அதே நிலையம், அதே 300. 'ஆறு வாரங்களுக்குத் தோளுக்கு மேல் கையை உயர்த்தும் வேலை கூடாது. மணிக்கட்டை மடக்கித் திரும்பத் திரும்பப் பிடிக்கும் வேலையைக் குறைக்க வேண்டும். மணிக்கு ஒருமுறை இடைவேளை வேண்டும்' என்று எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். அதைப் பெற்றுக்கொள்ளும் மேலாளருக்கும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்கும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவதால், உங்கள் இடத்துத் தொழிலாளர் துறை அலுவலகத்திலோ தொழிற்சங்க வழக்கறிஞரிடமோ கேட்டுத்தான் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஆனால் நீங்கள் கேட்பது எங்கும் இல்லாத சலுகை என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள சட்டம், பெரிய கிடங்குகள் தம் இலக்கை எழுத்தில் பணியாளருக்குத் தர வேண்டும் என்கிறது. உணவு இடைவேளையையோ கழிப்பறைக்குப் போவதையோ தடுக்கும் இலக்கு அங்கே செல்லாது. தன் கடைசி 90 நாள் வேகப் பதிவைக் கேட்டு வாங்கவும் பணியாளருக்கு உரிமை உண்டு. நியூயார்க் மாநிலமும் 2023-இல் இதே வழிக்கு வந்தது. பாதுகாப்பான, நலமான பணிச்சூழலை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2022-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. சட்டம் எதுவும் இல்லாத இடத்திலும் உங்கள் கடிதத்தில் முதலில் கேட்கக்கூடியது ஒன்று உண்டு: கழிப்பறை நேரம் வேகக் கணக்கில் சேராது என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

வேலிக்குள் இறங்கும் இளைஞர்

இதில் எடைபோட ஒன்றுமில்லை. அவரை நிறுத்துங்கள்.

1979 ஜனவரி 25 அன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளாட் ராக் என்ற ஊரிலிருந்த ஃபோர்டு வார்ப்பாலையில், உதிரிபாகங்களை அடுக்கி எடுக்கும் தானியங்கிக் கிடங்கு ஒன்று இருந்தது. இயந்திரம் சரியாகப் பொருளை எடுத்துத் தராததால், 25 வயது இளைஞர் ஒருவர் தானே எடுத்துவர ரேக்கில் ஏறினார். ஓசையின்றிப் பின்னால் வந்த இயந்திரக் கை தலையில் தாக்கி அவர் அங்கேயே இறந்தார். ரோபோவால் மனிதர் ஒருவர் இறந்த முதல் நிகழ்வு என்று பதிவாகியிருப்பது இதுதான். அது நடந்தது ஒரு கிடங்கில், பொருள் எடுக்கப் போன இடத்தில்.

இன்றைய ரோபோக்களில் தடையைக் கண்டு நிற்கும் உணரிகள் இருக்கின்றன. ஆனால் வேலியிட்ட தளத்தில் ஓடும் பல அமைப்புகள், உள்ளே ஆள் இருக்கமாட்டார் என்ற எண்ணத்திலேயே வடிவமைக்கப்படுகின்றன. அசையாமல் நிற்கும் ரோபோவைப் பார்த்து அணைந்துவிட்டது என்று அந்தத் தம்பி நினைக்கிறார். அது அடுத்த உத்தரவு வருவதற்காக நிற்கிறது. உத்தரவு வந்த நொடியில் சில நூறு கிலோ எடையுள்ள அலமாரியோடு கிளம்பிவிடும். தளத்துக்குள் போவதற்கென்று எல்லா இடத்திலும் ஒரு நடைமுறை இருக்க வேண்டும்: அந்தப் பகுதியை நிறுத்தி, மறுபடி இயங்காதபடி பூட்டி, உள்ளே ஆள் இருக்கிறார் என்று அட்டை மாட்டி, அதன் பிறகே பயிற்சி பெற்றவர் இறங்க வேண்டும்.

அவர் ஏன் இறங்குகிறார் என்பதையும் கேளுங்கள். முறைப்படி ஆளை அழைத்தால் எத்தனை நிமிடம் ஆகிறது, அந்த நிமிடங்கள் அவருடைய இலக்கிலிருந்து கழிகின்றனவா? கழிகின்றன என்றால் வேலியைத் தாண்ட வைப்பதே அந்த இலக்குதான். உங்கள் நால்வர் கடிதத்தில் இதையும் ஒரு பத்தியாகச் சேருங்கள். உடனடியான கடும் ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதி வேலையிலிருந்து விலகும் தொழிலாளியைத் தண்டிக்கக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு 155-ஆவது உடன்படிக்கை சொல்கிறது. "உள்ளே போய் எடுத்துவா" என்று யாராவது சொன்னால், போகமாட்டேன் என்று சொல்ல அவருக்கு நியாயம் இருக்கிறது.

பயிற்சிக்குப் பெயர் கொடுக்கலாமா?

முதலில் அந்த 'இரண்டு வருடம்'. அலமாரியைத் தூக்கி வரும் ரோபோக்களைச் செய்த கீவா நிறுவனத்தை அமேசான் 2012-ஆம் ஆண்டு 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2025 ஜூலையில் தன் கிடங்குகளில் பத்து லட்சமாவது ரோபோவை இறக்கியதாக அறிவித்தது. இந்தப் பதின்மூன்று ஆண்டுகளிலும் அலமாரியிலிருந்து பொருளை எடுத்தது பெரும்பாலும் மனிதக் கைதான். தூக்கிச் செல்வது இயந்திரத்துக்கு எளிது. பளபளக்கும் உறை, நெளியும் துணி, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் பொருள்கள் ஆகியவற்றிலிருந்து வேண்டியதை மட்டும் எடுப்பது கடினம். 2015-ஆம் ஆண்டு சியாட்டில் நகரில் இதற்கென்றே நடந்த போட்டியில் வென்ற பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ரோபோ, 20 நிமிடத்தில் 12 பொருள்களில் 10-ஐ எடுத்தது. உங்களுடைய இலக்கில் அது இரண்டு நிமிட வேலை.

அதன் பிறகு நிலைமை நிறைய மாறியிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2025 மே மாதம் அமேசான் அறிமுகப்படுத்திய வல்கன் என்ற ரோபோவுக்குத் தொடு உணர்வு இருக்கிறது. ஏணி வைத்து எடுக்க வேண்டிய உச்சித் தட்டுகளையும், குனிந்து எடுக்க வேண்டிய அடித்தட்டுகளையும் அதற்குக் கொடுக்கிறார்கள். உங்கள் தோளை நினைக்கும்போது அந்தச் செய்தி எனக்கு நல்ல செய்தியாகவே பட்டது. ஆனால் வேலைகளின் எண்ணிக்கைக்கு அது நல்ல செய்தியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் பணி இரண்டு வருடத்தில் மறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. பத்து வருடம் இப்படியே இருக்கும் என்றும் நினைக்கவில்லை. அச்சத்தில் இன்றே ஓடவும் வேண்டாம். பயிற்சி வாய்ப்பைக் கைவிடவும் வேண்டாம்.

வேறு இடத்துக்குப் போவதென்றால், அங்கே என்ன அமைப்பு என்று பார்க்காமல் போகாதீர்கள். கைவலியோடு இங்கிருந்து கிளம்பி, இதே வேகத்தில் இன்னொரு திரைக்கு முன் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே பழைய வலியை 'முன்பே இருந்த நோய்' என்று தள்ளிவிடுவார்கள்.

பள்ளிப் படிப்பு போதுமா என்று தயங்குகிறீர்கள். எந்த அலமாரியின் தட்டு சற்றுச் சாய்ந்து பொருளைக் கீழே விடுகிறது, எந்த உறையின் பார்கோடு ஸ்கேன் ஆகாமல் படுத்துகிறது, எந்த மூலையில் ரோபோக்கள் முட்டிக்கொண்டு நிற்கின்றன என்று கடிதத்தில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பராமரிப்பு வேலைக்கு வேண்டிய கண் அதுதான். மீதியைக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் நிறுவனத்தின் அறிவிப்பை அப்படியே நம்பிவிடாமல் சிலவற்றை எழுத்தில் கேளுங்கள். பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் பணியிடம் இருக்கிறது? பொருள் எடுக்கும் பணிகளோடு ஒப்பிட்டால் பராமரிப்புப் பணியிடங்கள் எப்போதுமே மிகக் குறைவு. பயிற்சிக் காலத்துக்கு முழுச் சம்பளம் உண்டா? தேறாவிட்டால் பழைய இடம் கிடைக்குமா? வெளியே செல்லுபடியாகும் சான்றிதழ் தருவார்களா? விழுந்த பொருளைப் பொறுக்கவும் சக்கரத்தைத் துடைக்கவும் மட்டும் அழைக்கிறார்களா, மின்னமைப்பும் பழுது கண்டறிதலும் கற்றுத்தருவார்களா? முதல் வகையென்றால் அது புதிய சீருடை அணிந்த பழைய வேலை.

என் யோசனை, பெயர் கொடுங்கள் என்பதே. இந்தக் கேள்விகளை விண்ணப்பத்தோடு சேர்த்தே கொடுங்கள். அதோடு மருத்துவர் தரும் பணி வரம்புச் சான்றிதழையும் இணையுங்கள். பராமரிப்புப் பயிற்சியில் முதல் மாதங்களில் திருகு முடுக்குவதும் அதிரும் கருவிகளைப் பிடிப்பதும் நிறைய இருக்கும்; நசுங்கிய நரம்புக்கு இரண்டும் ஆகாது. வகுப்பறைப் பாடத்தையும் திரை வழிக் கண்காணிப்பையும் முதலில் வைத்துக்கொண்டு, கைக்கருவிப் பகுதியை உங்கள் கை தேறிய பிறகு தரும்படி கேளுங்கள். ஆனால் மாத இறுதிக்கு முன் அந்தச் சான்றிதழ் கைக்கு வர வேண்டுமென்றால், மருத்துவரைப் பார்ப்பது இந்த வாரமே நடந்தாக வேண்டும்.